ஓகே பட்டன் திரைக்கு வெளியே போனால்: மென்பொருள் கேட்கும் திரை அளவும் கணினி தரும் அளவும்

புது மென்பொருளை நிறுவியாகிவிட்டது. செட்டிங்ஸ் பெட்டியைத் திறந்தால் அதன் அடிப்பகுதி டாஸ்க்பாருக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. ‘ஓகே’ இருப்பதே அங்கேதான். ஓரத்தைப் பிடித்துச் சுருக்கலாம் என்றால் பெட்டி அசைந்து கொடுப்பதில்லை. 1366×768 திரை உள்ள மடிக்கணினிகளில் இது அன்றாடம் நடப்பது. கூடுதலாகக் காசு கொடுத்து 1920×1080 திரை வாங்கியவர்களும் இதே பெட்டியோடு மல்லுக்கட்டுவதுதான் வேடிக்கை.

மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் தேவைப் பட்டியலில் திரை அளவைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. ரேம், பிராசசர் எல்லாம் பார்ப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் கேட்பது 1280×768. போட்டோஷாப்பும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் குறைந்தது 1280×800 கேட்கின்றன. விஷுவல் ஸ்டுடியோவுக்கு 1366×768 வேண்டும். ஆட்டோகேட் 1920×1080 என்று எழுதியிருக்கிறது. விண்டோஸ் 11 மட்டும் 720 வரி, அதாவது உயரவாக்கில் 720 பிக்சல் (திரைப் புள்ளி), போதும் என்கிறது. ஆனால் அது இயங்குதளம் நிற்பதற்கான இடம், அதற்குள் ஓடும் மென்பொருளுக்கான இடத்தை அது கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த எண்களில் அகலத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள். 1366 என்பது 1280-ஐவிடப் பெரிது, ஆகவே போதும் என்று தோன்றும். ஆனால் போட்டோஷாப் கேட்பது 800 வரி உயரம். திரையில் இருப்பது 768. 32 வரி குறைகிறது. அந்த 32 வரியில்தான் பெட்டியின் கடைசிப் பட்டன்கள் உட்கார்ந்திருக்கும். இருக்கும் 768-லும் விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் 48 வரியை எடுத்துக்கொள்ளும் (விண்டோஸ் 10-இல் 40). மிச்சம் 720. ஜன்னலின் தலைப்புப் பட்டைக்கு ஒரு 30 வரி போனால், உங்கள் வேலைக்கு 690 வரி தேறும்.

இருக்கும் வரிகளைச் சதவீதத்தால் வகுங்கள்

1920×1080 வைத்திருப்பவருக்கு ஏன் இந்தத் தொல்லை? செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே பக்கத்தில் ‘ஸ்கேல்’ என்று ஒன்று இருக்கிறது. 15.6 அங்குலத் திரையில் 1920×1080 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல். அந்த நெருக்கத்தில் எழுத்து கண்ணுக்கு மிகப் பொடியாகத் தெரியும் என்பதால், விண்டோஸ் தானாகவே 125 அல்லது 150 சதவீதம் என்று வைத்துவிடும். 150 சதவீதம் என்றால் ஒவ்வொரு பட்டனும், ஒவ்வொரு எழுத்தும் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். மென்பொருளின் பார்வையில் திரை அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

கணக்கு எளிது. பிக்சல் எண்ணிக்கையை ஸ்கேலால் வகுக்க வேண்டும். 1080-ஐ 1.25-ஆல் வகுத்தால் 864, 1.5-ஆல் வகுத்தால் 720. ஆக 150 சதவீதத்தில் இருக்கும் 1920×1080 திரை, மென்பொருளுக்கு 1280×720 திரை மட்டுமே. ஆஃபிஸ் கேட்கும் 768 வரியே அதில் இல்லை. 1366×768 திரையில் யாராவது 125 சதவீதம் வைத்திருந்தால் கிடைப்பது 1093×614. அதில் நிறைய பெட்டிகள் பாதியில் வெட்டுப்படும். 4கே திரையான 3840×2160-இல் 200 சதவீதம் வைத்தால் 1920×1080, அது தாராளம். அதே 4கே திரை 13 அங்குல மடிக்கணினியில் இருந்து ஸ்கேல் 300 என்று நின்றால், சுற்றி வந்து மறுபடியும் 1280×720-இல் நிற்போம்.

போட்டோஷாப்பின் தேவைப் பட்டியலில் ‘100 சதவீத ஸ்கேலிங்கில்’ என்று பக்கத்திலேயே போட்டிருப்பதற்கு இதுதான் காரணம். விஷுவல் ஸ்டுடியோவும் தன் எண்ணுக்குக் கீழே இதே நிபந்தனையை வைத்திருக்கிறது. விற்பனைப் பெட்டியில் ‘ஃபுல் எச்டி’ (1920×1080) என்று ஒட்டியிருப்பதை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது.

16-க்கு 10 விகிதத் திரைகளின் மதிப்பு இந்தக் கணக்கில்தான் தெரியும். 1920×1200 திரையை 150 சதவீதத்தில் வைத்தால் மிகச் சரியாக 1280×800 கிடைக்கிறது. போட்டோஷாப்பின் குறைந்தபட்சம் அதுவேதான். 1920×1080 திரையைவிட 120 வரிதான் அதிகம், ஆனால் பெட்டிகள் முழுதாகத் தெரிவதும் தெரியாததும் அந்த 120 வரியில் இருக்கிறது. புது மடிக்கணினி பார்ப்பவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போதே அந்தப் பட்டனை அமுக்க வேண்டும்

கணக்கெல்லாம் பிறகு, பெட்டி இப்போது திறந்து கிடக்கிறது என்றால் இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் ஒன்றும் செய்யாமல் என்டர் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ‘ஓகே’தான் இயல்பான பட்டன், என்டர் அதைத்தான் அமுக்கும். எஸ்கேப் தட்டினால் ‘கேன்சல்’. ஆனால் பெட்டிக்குள் ஓர் எழுத்துக் கட்டத்தில் கர்சர் நின்றுகொண்டிருந்தால் சில மென்பொருள்களில் என்டர் அந்தக் கட்டத்துக்கே போய்விடும். அப்போது டேப் விசையைத் தட்டித் தட்டி நகர வேண்டும். கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்த பட்டனைத் தாண்டியபின் வரும் முதல் தட்டு, ஒளிந்திருக்கும் முதல் பட்டன் மீது நிற்கும். ஸ்பேஸ் தட்டினால் அது அமுங்கும். கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும் என்பதால், அழிக்கும் வேலை செய்யும் பெட்டிகளில் இந்த வழி வேண்டாம்.

அடுத்தது பெட்டியையே மேலே தள்ளுவது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் ஜன்னலின் இடது மூலையில் சின்ன மெனு வரும். அதில் ‘மூவ்’ வேண்டும், எம் எழுத்தைத் தட்டுங்கள். இப்போது மேல்நோக்கிய அம்பு விசையை அமுக்கிப் பிடித்தால் பெட்டி மெல்ல மேலே ஏறும். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே மறைந்தாலும் கவலையில்லை, தேவையான பட்டன் கீழிருந்து வந்ததும் என்டர் தட்டி நிறுத்துங்கள். இதையே மவுஸால் இழுத்துச் செய்தால் பலிக்காது. விட்டதும் விண்டோஸ் தலைப்புப் பட்டையைத் திரைக்குள் இழுத்துவிடும். ஆகவே அம்பு விசை மட்டும். மைக்ரோசாஃப்டின் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸ் நிறுவியிருப்பவர்களுக்கு ஆல்ட் ஸ்பேஸ் தட்டினால் அதன் தேடல் கட்டம் வரக்கூடும். அப்படியானால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டாஸ்க்பாரில் உள்ள ஐகானை ரைட் கிளிக் செய்தாலும் அதே மெனு கிடைக்கும்.

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில் இது இன்னும் சுலபம். சூப்பர் விசையை, அதாவது விண்டோஸ் படம் போட்ட விசையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம்.

மேலே தள்ளியும் அடி தெரியவில்லை என்றால் திரையைச் சற்று நேரம் நிமிர்த்தி வைக்கலாம். டிஸ்ப்ளே பக்கத்தில் ‘டிஸ்ப்ளே ஓரியன்டேஷன்’ என்பதில் ‘போர்ட்ரெய்ட்’ தேர்ந்தெடுத்தால் 1366×768 திரை 768×1366 ஆகிவிடும். மடிக்கணினியைப் புத்தகம்போல் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு ஓகே அமுக்கிவிட்டுத் திரும்ப வரலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் 1000 வரிக்கு மேல் நீளும் பிரின்டர் செட்டிங்ஸ் பெட்டிகளுக்கு இதைவிட உறுதியான வழி கிடையாது.

ஜன்னல் மொத்தமாகவே காணோம், டாஸ்க்பாரில் ஐகான் மட்டும் இருக்கிறது என்றால் அது கழற்றிவிட்ட பழைய மானிட்டரின் இடத்தில் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஐகானைக் கிளிக் செய்து, விண்டோஸ் விசையோடு ஷிஃப்டும் இடது அல்லது வலது அம்பும் சேர்த்துத் தட்டுங்கள். ஓரிரு தட்டில் கண்முன் வந்துவிடும்.

உலாவியில் வரும் படிவங்களுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. கன்ட்ரோல் விசையோடு கழித்தல் குறி. 80 சதவீதத்துக்கு வந்தால் பாப்அப் பெட்டியின் அடி தெரிந்துவிடும். எஃப்11 தட்டினால் உலாவியின் மேல்பட்டைகளும் டாஸ்க்பாரும் மறைந்து இன்னும் கொஞ்சம் உயரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் கன்ட்ரோல் 0.

நிரந்தரமாக இடம் சேர்ப்பது

ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருக்க முடியாது. முதல் வேலை, ஸ்கேலை ஒரு படி இறக்குவது. 150-இல் இருந்து 125-க்கு வந்தாலே 1080 வரித் திரையில் 720 என்பது 864 ஆகிறது, அதாவது 144 வரி லாபம். மாற்றியபின் லாக்ஆஃப் செய்து உள்ளே வாருங்கள். பழைய மென்பொருள்கள் உள்நுழையும்போது இருந்த ஸ்கேலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

100 வரை இறக்கலாமா? ஆங்கிலம் மட்டும் படிப்பவர் சமாளித்துவிடுவார். தமிழ் அப்படியில்லை. சுழிகளும் கொம்புகளும் உள்ள எழுத்துகளில் ண-வுக்கும் ன-வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழிதான், 15.6 அங்குலத் திரையில் 100 சதவீதத்தில் அந்தச் சுழி ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிக் கருமையாகக் கலங்கிப்போகும். தமிழில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்கள் 125-ஐ விட்டு இறங்காமல் இருப்பதே கண்ணுக்கு நல்லது.

ஸ்கேல் போக, ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்று அக்சஸிபிலிட்டி பகுதியில் தனியாக ஒன்று இருக்கிறது. அது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், பெட்டியின் அளவை அப்படியே விட்டுவிடும். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால் அங்கே போய் 100-க்குக் கொண்டுவாருங்கள். அதேபோல் மென்பொருளைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருக்கும்போது பட்டனில் பாதி வார்த்தை தெரிந்தால் அதற்குத் திரை காரணமில்லை. ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு அளந்து வைத்த பட்டனில் தமிழ்ச் சொல் கொள்ளவில்லை, அவ்வளவுதான். ரெசல்யூஷனை, அதாவது திரையின் பிக்சல் எண்ணிக்கையை, மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

டாஸ்க்பார் தானாக மறையும்படி வைத்தால் 48 வரி கைக்கு வரும். விண்டோஸ் 10-இல் அதைத் திரையின் இடப்பக்கத்துக்கே இழுத்து ஒட்டிவிடலாம். அகலத்தில் கொஞ்சம் போகும், உயரம் முழுதாகக் கிடைக்கும். அகலத் திரையில் இது நல்ல பண்டமாற்று.

செய்யக்கூடாதது ஒன்று: ரெசல்யூஷனையே குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது. எல்சிடி திரையில் பிக்சல்கள் கட்டம் கட்டமாகப் பதிந்தவை. 1366 கட்டம் உள்ள வரிசையில் 1280 புள்ளிகளை நிரப்பச் சொன்னால் ஒரு புள்ளி 1.067 கட்டத்தில் உட்கார வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் கசியும். எழுத்தெல்லாம் ஈரத்தாளில் எழுதியதுபோல் ஆகும். போதாக்குறைக்கு, இருந்த கொஞ்சம் வரியும் குறையும். ‘ரெக்கமன்டட்’ என்று போட்டிருக்கும் ரெசல்யூஷனை அப்படியே விட்டுவிட்டு, பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ ஸ்கேலில் செய்யுங்கள்.

மங்கலாகத் தெரிகிறது, அல்லது எறும்பளவு தெரிகிறது

இது வேறு நோய். மென்பொருள் திரைக்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் பார்க்க முடிவதில்லை. காரணத்தைப் புரிந்துகொண்டால் மருந்து தானாகத் தெரியும்.

விண்டோஸுக்கு 100 சதவீதம் என்பது அங்குலத்துக்கு 96 புள்ளி (இந்த அளவைத்தான் டிபிஐ என்பார்கள்). பழைய மென்பொருள்கள் எல்லாம் உலகமே 96 என்று நினைத்து எழுதப்பட்டவை. அவற்றை 150 சதவீதத் திரையில் திறந்தால், விண்டோஸ் அவை 96-இல் வரைந்த படத்தைப் புகைப்படம்போல் ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டும். அளவு சரியாக இருக்கும், எழுத்து மங்கும். விஸ்டா காலத்திலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. இன்னொரு வகை மென்பொருள், ‘எனக்கு ஸ்கேல் பற்றித் தெரியும், நீ தலையிடாதே’ என்று விண்டோஸிடம் சொல்லிவிடும், ஆனால் தன் ஐகான்களைப் பெரிதாக்காது. அது கூர்மையாகவும் எறும்பளவிலும் தெரியும்.

எது எந்த வகை என்று டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம். ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் பத்தித் தலைப்பை ரைட் கிளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ போய், ‘டிபிஐ அவேர்னஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். ‘அன்அவேர்’ என்றால் மங்கும் வகை. ‘சிஸ்டம்’ என்றால் ஒரு மானிட்டரில் நன்றாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் தெரியக்கூடியது. ‘பெர் மானிட்டர்’ என்றால் எங்கும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

மாற்றும் வழி: மென்பொருளின் எக்ஸி கோப்பை ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதி, கீழே ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. திறக்கும் பெட்டியின் அடியில் ‘ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்’ என்பதை டிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும்.

‘அப்ளிகேஷன்’ என்றால் விண்டோஸ் கையை எடுத்துக்கொள்ளும். கூர்மை வரும், ஆனால் ஸ்கேல் தெரியாத மென்பொருள் பொடியாகிவிடும். ‘சிஸ்டம்’ என்றால் இழுத்துக் காட்டும். அளவு வரும், கூர்மை போகும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்பது 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்ந்தது. எழுத்தையும் கோடுகளையும் இழுக்காமல், விண்டோஸே பெரிய அளவில் புதிதாக வரைந்து கொடுக்கும். எழுத்து கூர்மையாக வரும், படங்கள் மட்டும் சற்று மங்கலாக நிற்கும். விண்டோஸின் பழைய ஜிடிஐ முறையில் வரையும் மென்பொருள்களுக்கு மட்டுமே இது வேலை செய்யும். டைரக்ட்எக்ஸ் வழியாக வரைபவற்றில் ஒரு மாற்றமும் தெரியாது. எதைத் தேர்ந்தாலும் மென்பொருளை முழுவதும் மூடித் திறந்தால்தான் பலன். பின்னணியில் அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் ஒரு பார்வை பாருங்கள். ‘மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

டிடிபி கடைகளில் பக்க வடிவமைப்புக்கு இன்னும் ஓடும் பேஜ்மேக்கர் 7 வெளியானது 2001-இல். அதைப் புது மடிக்கணினியில் 150 சதவீதத்தில் திறந்தால் மெனுவும் பக்கமும் மங்கலாக இருக்கும். அதற்கு முதலில் முயல வேண்டியது ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’. போட்டோஷாப் சிஎஸ்6 எதிர்த்திசை: 4கே திரையில் கருவிப்பெட்டி கடுகளவு தெரியும். ‘சிஸ்டம்’ வைத்தால் கருவிகள் கைக்கு எட்டும் அளவுக்கு வரும், ஆனால் கூடவே படமும் இழுபடும். ஸ்கேல் 200 என்றால் படத்தின் ஒரு பிக்சல் திரையில் நான்கு பிக்சலாகப் பரவும். கல்யாண ஆல்பத்துக்கு முகத்தில் ஷார்ப்பன் கொடுப்பவர் அந்தத் திரையை நம்பினால் அளவுக்கு மீறிக் கொடுத்துவிடுவார். அத்தகைய வேலைக்குப் பழைய போட்டோஷாப்பும் 24 அங்குல 1920×1080 மானிட்டரும் 100 சதவீதமுமே பொருத்தமான ஜோடி. 4கே அங்கே வீண்செலவு.

ஜாவாவில் எழுதிய பழைய அலுவலக மென்பொருள்களும் கடுகளவு தெரியும் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் டெஸ்க்டாப் ஐகானில் மாற்றம் செய்து பயனில்லை, ஏனென்றால் உண்மையில் ஓடுவது ஜாவாடபிள்யூ என்ற எக்ஸி கோப்பு. ஜாவா நிறுவிய ஃபோல்டருக்குள் ‘பின்’ என்ற உள்ஃபோல்டரில் அது இருக்கும். அதில் ‘சிஸ்டம்’ வையுங்கள். அந்த ஜாவாவை நம்பியுள்ள எல்லா மென்பொருளுக்கும் இது பொருந்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா 9-இல் இந்தக் குறை தீர்ந்துவிட்டது. பழைய மென்பொருள் 8-ஐ விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதால்தான் இந்தச் சுற்றுவழி.

இரண்டு மானிட்டர்

மடிக்கணினி 150-இலும் வெளி மானிட்டர் 100-இலும் இருந்தால், ‘சிஸ்டம்’ வகை மென்பொருள் உள்நுழையும்போது முதன்மைத் திரையாக இருந்ததன் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளும். மற்றதற்கு இழுத்துக்கொண்டு போனால் மங்கும். அந்த மென்பொருளை எந்தத் திரையில் பயன்படுத்துகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுத்து ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே’ என்பதை டிக் செய்து, லாக்ஆஃப் செய்து உள்ளே வாருங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு திரைக்கும் ஒரே ஸ்கேல் வைப்பதுதான் வழி. ஒன்றில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரெசல்யூஷன் ஏறவே மாட்டேன் என்கிறது

திரை 1920×1080, ஆனால் பட்டியலில் 1024×768-க்கு மேல் எதுவும் இல்லை; அல்லது பட்டியலே சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ திறந்து பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினிகளில் இது சகஜம். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போவது கூடுதல் அடையாளம். மடிக்கணினி என்றால் அதன் மாடல் எண்ணுக்குத் தயாரிப்பாளர் தளத்தில் தரும் டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது கேபிள். மானிட்டர் தன்னால் எந்தெந்த ரெசல்யூஷன் முடியும் என்பதை ஈடிஐடி என்ற சிறு குறிப்பில் எழுதிக் கணினிக்கு அனுப்புகிறது. விஜிஏ கேபிளில் அது போவது 12, 15 எண்ணுள்ள பின்கள் வழியாக. மலிவு கேபிள்களில் இந்த இரண்டுக்கும் கம்பியே போடாமல் விடுவதுண்டு. பழைய கேபிளில் வளைந்தோ உடைந்தோ இருக்கும். படம் நன்றாகவே வரும், ஆனால் மானிட்டர் யார் என்று கணினிக்குத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் ‘ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்’ என்று காட்டினால் இதுதான் கதை. 15 பின்களும் மூன்று வரிசையில் ஐந்தைந்தாக இருக்கும். மூன்றாம் வரிசையில் இரண்டாவதும் ஐந்தாவதும்தான் 12-உம் 15-உம். 9-ஆம் பின் இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு. அதை மட்டும் பார்த்துக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிவியும் புரொஜெக்டரும்

டிவியில் இணைத்ததும் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன். பழைய பிக்சர் டியூப் டிவிகளில் படத்தின் ஓரம் சட்டகத்துக்குப் பின்னால் போகும்படி வைத்த வழக்கம், தட்டை டிவியிலும் தொடர்கிறது. கணினியில் எதையும் தொட வேண்டாம், டிவியின் ரிமோட்டை எடுங்கள். பட அளவு மெனுவில் எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருக்கும். அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே சில டிவிகளில் சரியாகிவிடும்.

32 அங்குல ‘எச்டி ரெடி’ டிவிகளில் தந்திரம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது 1366×768 பேனல். கணினியிடம் 1920×1080 ஏற்பேன் என்று சொல்லும். ஏற்றுக்கொண்டு உள்ளே சுருக்கிக் காட்டும். சினிமாவுக்குத் தெரியாது, எக்செல் திறந்தால் தெரியும். பட்டியலில் 1366×768 இருந்தால் அதை வையுங்கள்.

இத்தகைய மறைமுகச் சுருக்கலைக் கணினியே செய்கிறதா என்று பார்க்க ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கம் உதவும். ‘டெஸ்க்டாப் மோட்’, ‘ஆக்டிவ் சிக்னல் மோட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வேறுபட்டால் கிராஃபிக்ஸ் அட்டை நடுவில் நின்று படத்தை மாற்றி அனுப்புகிறது. 4கே டிவியில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் அதே பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) 30 ஹெர்ட்ஸ் என்று நிற்கும். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே அவ்வளவுதான் போகும். 60 வேண்டுமென்றால் கணினி, கேபிள், டிவியின் துளை மூன்றும் 2.0 ஆக இருக்க வேண்டும்.

வகுப்பறைப் புரொஜெக்டர்கள் பல 1024×768 அல்லது 1280×800. ‘டூப்ளிகேட்’ முறையில் இணைத்தால் விண்டோஸ் இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுக்கு இறங்கும். மடிக்கணினித் திரையும் 1024×768 ஆகி, திறந்திருந்த மென்பொருளின் அடி வெட்டுப்படும். விண்டோஸ் விசையோடு பி தட்டி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள். உங்கள் திரை அப்படியே இருக்கும், பார்ப்பவர்களுக்கு வேண்டியதை மட்டும் அந்தப் பக்கம் இழுத்து விடலாம்.

திறக்கவே மறுப்பவை

சில மென்பொருள்கள் வெட்டுப்பட்டுத் திறப்பதற்குப் பதில் வாசலிலேயே நிறுத்திவிடும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இன் ஸ்டோர் ஆப்கள் 1024×768-க்குக் குறைந்தால் திறக்காது. அந்நாளைய நெட்புக் என்ற சிறிய மடிக்கணினிகளின் திரை பெரும்பாலும் 1024×600. அவற்றில் அந்த ஆப்கள் உதவாமல் போயின. இப்படி மறுக்கும் மென்பொருளை ஒருமுறை திறந்தாக வேண்டுமென்றால் பெரிய மானிட்டர் ஒன்றை இணைத்து அதை முதன்மைத் திரையாக்கித் திறப்பதே சிக்கலற்ற வழி. எதிர்ப்பக்கத்தில், 640×480-க்கு எழுதிய பழைய விளையாட்டுகளும் பாடத்திட்டச் சிடிகளும் இருக்கின்றன. அதே ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் ‘ரன் இன் 640×480’ என்பதையும், நிறம் கெட்டுத் தெரிந்தால் ‘ரெடியூஸ்டு கலர் மோட்’ என்பதையும் டிக் செய்யுங்கள்.

மாற்றி வைத்த ரெசல்யூஷனை மானிட்டர் ஏற்காமல் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று கறுத்துவிட்டால் எதையும் தொடாமல் 15 நொடி இருங்கள்; விண்டோஸ் தானே பழைய அளவுக்குத் திரும்பும். பதற்றத்தில் எதையாவது தட்டினால் ‘கீப் சேஞ்சஸ்’ அமுங்கிவிடும் வாய்ப்பு உண்டு. அப்படி ஆகிவிட்டால் வேறொரு மானிட்டரையோ டிவியையோ இணையுங்கள். உள்நுழைவுத் திரை தெரிந்ததும் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாகப் போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் 3-ஆவது ‘எனேபிள் லோ ரெசல்யூஷன் வீடியோ’. எண் 3-ஐத் தட்டினால் கணினி குறைந்த ரெசல்யூஷனில் திறக்கும். அதை எந்த மானிட்டரும் ஏற்கும். பழைய மானிட்டரை மாட்டி, ரெசல்யூஷனை அதன் ‘ரெக்கமன்டட்’ அளவுக்கு வைத்துவிட்டு வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.